பழைய மேஜை, விளக்கு, வெள்ளிச் சாமான்: விற்கும் முன்னும் வாங்கும் முன்னும் அறிய வேண்டியவை

அரிசி, பருப்பு, வரி, எடை பற்றியே எழுதி வரும் இந்தப் பக்கங்களில், இம்முறை சற்று வேறான ஒரு பொருளைப் பற்றி எழுத முற்பட்டிருக்கிறோம். நம் கடைகளில் பில் போடக் கணினி வந்துவிட்டது. பேரேடும் சிட்டையும் பரணுக்குப் போய்விட்டன. கடையைப் புதுப்பிக்கும் அன்பர்கள் பழைய கல்லாப்பெட்டி, சாய்வு மேஜை, தொங்கு விளக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். மறுபக்கத்தில், வசதி வந்த அன்பர்கள் சிலர் வீட்டு முன்கூடத்துக்கென்று இதே சாமான்களைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். விற்பவருக்கும் மதிப்புத் தெரிவதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை. நடுவில் இருப்பவருக்கு மட்டுமே தெரிகிறது. இவ்விரு சாராருக்கும் பயன்படும் என்று, நாம் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறோம்.

நாம் செய்த தவறு

முதலில் நம் தவறையே சொல்லிவிடுகிறோம். நம் கடையில் தாத்தா காலத்துச் சாய்வு மேஜை ஒன்று இருந்தது. தரையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து எழுதும் தாழ்வான மேஜை. தேக்கு மரம். சாய்ந்த மூடியைத் தூக்கினால் உள்ளே பேரேடு வைக்க இடம், பக்கத்தில் சில்லறைக்கு மூன்று கிண்ணக் குழிகள், மேலே மசிக்கூட்டுக்கு ஒரு வட்டத் துளை. முன் விளிம்பில் தாத்தாவின் மணிக்கட்டும் பின்பு தகப்பனாரின் மணிக்கட்டும் பட்டுப் பட்டு ஓர் இடம் மட்டும் கண்ணாடி போல் வழுவழுத்துப் பள்ளமாகியிருந்தது. ஆண்டுதோறும் புதுக்கணக்குப் போடும் நாளில் மூடியின் உட்புறம் பென்சிலால் ஓர் உகரம் போட்டு, அந்த ஆண்டின் பெயரை எழுதுவது வழக்கம். தாத்தா எழுதியது ஒரு பக்கம், தகப்பனார் எழுதியது மறு பக்கம்.

1993ல் தகப்பனார் காலமானார். 1996ல் கடையைப் புதுப்பித்தோம். இரும்பு மேஜையும் சுழல் நாற்காலியும் வந்தன. பழைய சாமான் எடுக்க வந்தவர் சாய்வு மேஜை, இரண்டு பித்தளை விளக்கு, ஒரு மரப்பெட்டி எல்லாம் சேர்த்து 350 ரூபாய் கொடுத்தார். இடம் காலியானதே என்று மகிழ்ச்சியுடன் வாங்கிக் கொண்டோம். ஒரு மாதம் கழித்துத் தாயார் கடைக்கு வந்தார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா உட்காந்த மேசைய எங்கய்யா வச்சிருக்க?" என்று கேட்டார்கள். விற்றுவிட்டதாகச் சொன்னோம். தாயார் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தேநீர்கூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்துக் காரைக்குடிக்குச் சரக்கு விஷயமாகப் போயிருந்தபோது, முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் இதேபோன்ற மேஜையைப் பார்த்தோம். விலையைக் கேட்டதும் பேச்சு வரவில்லை. அன்றிலிருந்துதான் இந்தச் சாமான்களைக் கவனித்துப் பார்க்கவும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கவும், கைக்கு அடக்கமானதை வாங்கவும் தொடங்கினோம்.

எழுது மேஜை வகைகள்

பழம்பொருள் சந்தைக்கு வரும் எழுது மேஜைகளைச் சில வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, நம் நாட்டுக் கணக்கு மேஜை. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வருபவை இதில் பெயர் பெற்றவை. நகரத்தார் பெருமக்கள் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாக வந்தது. 1942ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும், 1960களில் அந்நாட்டு அரசு தொழில்களையும் வங்கிகளையும் தேசியமயமாக்கியதும் அந்த வரவை நிறுத்தின. பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாமல் பிரித்து விற்றபோது தூண், கதவு, மேஜை, பெட்டி எல்லாம் சந்தைக்கு வந்தன. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் அரசு உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதையும் தடை செய்துவிட்டது. எனவே பழைய பர்மாத் தேக்குக்கு மரமாகவே ஒரு மதிப்பு உண்டு.

இரண்டாவது, வெள்ளைக்காரர் வைத்திருந்த மேஜைகள். வங்கிகளிலும் வியாபார நிறுவனங்களிலும் இரு பங்காளிகள் எதிரெதிரே உட்கார்ந்து எழுத, இருபுறமும் இழுப்பறை வைத்த பெரிய மேஜை உண்டு. அதற்குப் 'பார்ட்னர்ஸ் டெஸ்க்' என்றே பெயர். மரச்சட்டங்களைத் துணியில் ஒட்டிச் செய்த மூடி, நம் கடைக் கதவு போல் சுருண்டு இறங்கும் மேஜை 'ரோல் டாப்'. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க அலுவலகங்களில் பரவியது. இரவில் மூடியை இழுத்துப் பூட்டினால் காகிதங்கள் கிடந்தபடியே கிடக்கும். சாய்வு மூடியும் பக்கவாட்டு இழுப்பறைகளும் கொண்ட சிறிய மேஜை 'டேவன்போர்ட்'. அந்தப் பெயருடைய ஒரு கேப்டனுக்காக இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரத்துக் கில்லோஸ் நிறுவனத்தார் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்து கொடுத்ததால் வந்த பெயர் அது.

மூன்றாவது, பயணப் பெட்டிகள். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் முகாமுக்கு முகாம் தூக்கிச் செல்வதற்காக, மூலைகளில் பித்தளை அடித்து, கைப்பிடியை மரத்துக்குள்ளேயே பதித்துச் செய்த எழுத்துப் பெட்டிகள் இவை. மூடியைத் திறந்தால் சாய்ந்த எழுதுதளமாகும். சிறிய பொருள், விலையும் ஓரளவு கட்டுப்படியாகும். புதிதாகச் சேகரிப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

மரத்தைச் சோதிப்பது எப்படி

மூட்டையின் மேல்வாயைப் பார்த்துச் சரக்கு எடுப்பவன் வியாபாரி அல்ல. கூர் போட்டு நடுவிலிருந்து எடுத்துப் பார்ப்பவனே வியாபாரி. மேஜைக்கும் இதே விதிதான். பளபளக்கும் மேற்பலகையைப் பார்க்காதீர்கள். இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுங்கள், கவிழ்த்துப் பாருங்கள்.

முதலில், அடிப்பக்கத்தின் நிறம். பல ஆண்டுகள் காற்றுப் பட்ட மரம் சீராகப் பழுத்திருக்கும். பழசாகக் காட்டச் சாயம் பூசியிருந்தால், நகத்தால் சுரண்டிய இடத்தில் வெளிர் நிறம் தெரியும். மூலை முடுக்குகளில் சாயம் தேங்கிக் கறுத்திருக்கும்.

இரண்டாவது, இழுப்பறையின் பொருத்து. முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில் புறா வால் போல் விரிந்த பற்கள் இருக்கும். கையால் அறுத்ததென்றால் பற்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். இயந்திரத்தில் அறுத்தது அச்சு வார்த்தாற்போல் இருக்கும். ஆனால் நம் ஊர் ஆசாரிகள் இன்றும் கையாலேயே அறுக்கிறார்கள் என்பதால், இதை மட்டும் வைத்துப் பழசு என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்றாவது, திருகாணி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய திருகாணிக்கு முனை மழுங்கியிருக்கும். தலையிலுள்ள வெட்டு நடுவில் சரியாக இராது. சிலுவை வெட்டுள்ள திருகாணி 1930களில்தான் வந்தது. விக்டோரியா மகாராணி காலத்து மேஜை என்று சொல்லி, உள்ளே சிலுவை வெட்டுத் திருகாணி இருந்தால், குறைந்தபட்சம் அந்த இடம் பின்னாளில் பழுது பார்த்தது என்று அர்த்தம்.

நான்காவது, கைப்பிடித் துளைகள். வெளியே ஒரு பித்தளைக் கைப்பிடி இருக்கும். உள்ளே பார்த்தால் அடைத்த பழைய துளைகள் இரண்டு மூன்று தெரியும். கைப்பிடி மாற்றப்பட்டிருக்கிறது. இது பெரிய குற்றமல்ல, ஆனால் விலையில் பேசிக் குறைக்க வேண்டிய விஷயம்.

ஐந்தாவது, தேய்மானம். மனிதன் கை, கால் படும் இடத்தில்தான் மரம் தேயும். முன் விளிம்பு, கால் வைக்கும் குறுக்குச் சட்டம், இழுப்பறை ஓடும் தடம், சாவித் துவாரத்தைச் சுற்றிய இடம் ஆகியவை தேய்ந்திருப்பது இயல்பு. நான்கு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் தேய்த்தது காலம் அல்ல, உப்புத்தாள்.

ஆறாவது, அளவு நாடா. மரம் நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். ஆகையால் பழைய வட்ட மேஜையை நாரின் போக்கிலும் குறுக்கிலும் அளந்தால் சிறிது வித்தியாசம் காட்டும். இரு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, ஒட்டு வேலை. ஒரு மேஜையின் கால்பாகத்தையும் வேறொரு மேஜையின் மேல்பாகத்தையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார்கள். பின்பலகைகளின் நாரும் தடிமனும் நிறமும் மேலும் கீழும் ஒத்திருக்கின்றனவா என்று பின்னால் போய்ப் பாருங்கள். பூச்சித் துளை இருந்தால் தட்டிப் பாருங்கள். மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரங்களுக்கும் பரவும்.

விளக்குகள்

பழைய விளக்குகளில் மண்ணெண்ணெய் விளக்கே நமக்கு நெருங்கியது. மளிகைக் கடையில் ஒரு மூலையில் மண்ணெண்ணெய் டின்னும் புனலும் இருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் முன்னால் தாவர எண்ணெய், திமிங்கில எண்ணெய் விளக்குகள் இருந்தன. 1780ல் ஜெனீவாவைச் சேர்ந்த ஆர்கண்ட் என்பவர் குழாய் போல் உள்கூடான திரியைச் செய்து, அதன் நடுவே காற்றுப் போகும்படி வைத்தார். சுற்றிக் கண்ணாடிச் சிம்னி. வெளிச்சம் பல மடங்கு ஆயிற்று. 1850களில் மண்ணெண்ணெய் வந்த பிறகு மேஜை விளக்கு ஏழைக்கும் எட்டியது. பர்மிங்காம் நகரத்து ஹிங்க்ஸ் நிறுவனத்தார் 1865ல் இரட்டைத் திரி வைத்த பர்னருக்குக் காப்புரிமை பெற்றார்கள். திரி ஏற்றும் திருகில் அவர்கள் பெயர் பொறித்திருக்கும் விளக்குகள் நம் நாட்டுப் பழைய வீடுகளிலும் கிடைக்கின்றன.

பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1984ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் கடையில் வாடகைக்கு விடும் அந்த விளக்கேதான். பெர்லின் நகரத்து மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர் 1910ல் வெளியிட்டது. பெட்ரோலியம் என்ற சொல்லோடு தம் பெயரைச் சேர்த்துவிட்டார். பம்பு அடித்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஆவியாகி, காற்றோடு கலந்து மேண்டிலில் எரியும். வெளிச்சம் தருவது தீ அல்ல, தீயில் காய்ந்து ஒளிரும் மேண்டில் வலைதான். அதை 1885ல் கண்டுபிடித்தவர் வியன்னாவின் ஆவர் என்ற விஞ்ஞானி. பின்னர் அவரே தோரியம் 99 பங்கு, சீரியம் 1 பங்கு என்ற கணக்கைக் கண்டு அதைச் செம்மைப்படுத்தினார்.

இங்கேதான் நம் மண்ணுக்கு ஒரு தொடர்பு வருகிறது. தோரியம் எடுக்க மோனசைட் என்ற கனிமணல் வேண்டும். 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் வந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுகொண்டார். தேடி வந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை தொடங்கினார். அன்று திருவிதாங்கூரில் இருந்த அவ்வூர் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. கயிற்றில் ஒட்டி வந்த மண்ணை உதறிவிடாமல் உற்றுப் பார்த்தவருக்கு ஒரு தொழில் கிடைத்தது. சரக்கைப் பார்ப்பது என்றால் அதுதான்.

தோரியம் கலந்த பழைய மேண்டிலில் சிறிதளவு கதிரியக்கம் உண்டு. எனவே பழைய விளக்கை வாங்கினால் உள்ளே கிடக்கும் உதிர்ந்த சாம்பலை ஊதவோ முகரவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறிந்துவிடுங்கள். பம்பின் தோல் வாசர் காய்ந்து போயிருக்கும். டாங்கியில் மயிர் விரிசல் இருக்கலாம். அழகுக்கு வைப்பதென்றால் கவலையில்லை; ஏற்றுவதென்றால் வேலை தெரிந்தவரிடம் காட்டிய பிறகே ஏற்ற வேண்டும். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகப் பெட்ரோல் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து.

மின்சார மேஜை விளக்குகளில் பித்தளைத் தண்டும் பச்சைக் கண்ணாடி மூடியும் கொண்டது பெயர் பெற்றது. அமெரிக்காவில் மக்ஃபாடின் என்பவர் 1909ல் காப்புரிமை பெற்று 'எமரலைட்' என்ற பெயரில் விற்றார். வங்கிக் கணக்கர்கள் மேஜையில் இருந்ததால் வங்கியர் விளக்கு என்றே பெயராகிவிட்டது. மூல விளக்கின் மூடியில் வெளியே பச்சை, உள்ளே பால் வெள்ளை என இரண்டடுக்குக் கண்ணாடி இருக்கும். விளிம்பைப் பார்த்தால் இரு அடுக்கும் தெரியும். பச்சைச் சாயம் பூசிய ஒற்றைக் கண்ணாடி பின்னாள் சரக்கு. வில்சுருள்களின் பலத்தால் வைத்த இடத்தில் நிற்கும் 'ஆங்கிள்பாய்ஸ்' விளக்கு இங்கிலாந்தின் கார்வர்டைன் என்ற மோட்டார் பொறியாளர் 1932ல் வடிவமைத்தது.

மின்விளக்கு எதை வாங்கினாலும் பழைய ஒயரை அப்படியே பிளக்கில் சொருகாதீர்கள். துணி சுற்றிய ரப்பர் உறை பொடியாகியிருக்கும். பித்தளைத் தண்டில் மின்சாரம் இறங்கும். புதிய மூன்று கம்பி ஒயர் மாற்றி, தண்டுக்கு எர்த் கொடுங்கள். அமெரிக்க விளக்கென்றால் திருகும் ஹோல்டரும் குறைந்த ஓல்டேஜும் இருக்கும். அதையும் மாற்ற வேண்டும்.

பித்தளைதானா என்று அறிய ஒரு சிறு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பின் மேல் முலாம். ஒட்டாவிட்டால் மட்டும் பித்தளை என்று உறுதியாகாது. ஆனால் ஒட்டினால் பேரம் முடிந்தது.

மேஜை மேல் வெள்ளி

எழுது மேஜைக்கென்றே செய்த வெள்ளிச் சாமான்கள் பல. இரண்டு மசிக்கூடும் பேனாத் தட்டும் சேர்ந்த தாங்கி. மை காய மணல்பொடி தூவும் சல்லடைக் குப்பி. அரக்கு உருக்கி முத்திரை வைக்கச் சிறு மெழுகுவர்த்தித் தாங்கி. உறை பிரிக்கும் கத்தி. 1840ல் இங்கிலாந்தில் அஞ்சல் தலை வந்த பிறகு அஞ்சல் தலைப் பெட்டியும், கடிதம் நிறுக்கும் சிறு தராசும் சேர்ந்தன. தராசு என்றதும் நமக்கு ஆசை வந்துவிடும்.

இதில்தான் நாம் இரண்டாவது முறை ஏமாந்தோம். ஒரு வெளியூர்க் கடையில் மசிக்கூட்டுத் தாங்கி ஒன்றைக் காட்டி, "இங்கிலீஷ் வெள்ளி, நாலு முத்திரை இருக்கு பாருங்க அண்ணாச்சி" என்றார்கள். அடியில் நான்கு சிறு கேடயங்கள் இருந்தன. எழுத்து சரியாகத் தெரியவில்லை. வெள்ளி விலைக்கு எடை போட்டு வாங்கி வந்தோம். நம் ஊர்ப் பொற்கொல்லர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஈ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்துகள்தான் அந்த நான்கு முத்திரை என்றார். ஜெர்மன் சில்வரின் மேல் மின்சாரத்தில் ஏற்றிய வெள்ளி முலாம் என்பதன் சுருக்கம் அது. ஜெர்மன் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் உண்டு, வெள்ளி கிடையாது. அந்தக் கடைமேல் குறை சொல்லி என்ன பயன்? ஆழம் பார்க்காமல் காலை விட்டவர்கள் நாம்.

உண்மையான ஆங்கில வெள்ளிக்கு முத்திரை இப்படி இருக்கும். நடந்து செல்லும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று பொருள். அடுத்தது சோதித்த ஊரின் அடையாளம். சிறுத்தை முகம் லண்டன், நங்கூரம் பர்மிங்காம். மணிமுடி என்றால் ஷெஃபீல்டு. அது 1974 வரைதான், பின்பு ரோஜாப் பூவாயிற்று. மூன்றாவது ஆண்டைக் காட்டும் எழுத்து. ஊருக்கு ஊர் எழுத்தின் வடிவமும் கேடயத்தின் வடிவமும் மாறும் என்பதால் அட்டவணையைப் பார்த்துத்தான் ஆண்டு சொல்ல வேண்டும். நான்காவது செய்தவரின் பெயரெழுத்து. 1784 முதல் 1890 வரை செய்தவற்றில் வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையும் இருக்கும்.

இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்தில் செய்த வெள்ளிக்கு இத்தகைய அரசுச் சோதனை முறை இல்லை. செய்த கடையின் பெயரே அத்தாட்சி. 1849ல் சென்னையில் தொடங்கிய பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் தெய்வ உருவங்களைப் புடைப்பாக அடித்துச் செய்த 'சுவாமி' வேலைப்பாட்டு வெள்ளி வெளிநாடுகளிலும் பெயர் பெற்றது. கல்கத்தாவில் ஹாமில்டன் நிறுவனத்தாரும், கட்ச் பகுதியில் புஜ் நகரத்து ஓமர்சி மாவ்ஜியும் இப்படிப் பெயர் பெற்றவர்கள். பெயர் உள்ள பொருளைப் போலியும் செய்வார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

தராசு வைத்திருக்கும் நமக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10.5 கிராம். ஜெர்மன் சில்வர் சுமார் 8.7 கிராம். 525 கிராம் எடையுள்ள பொருள் சுத்த வெள்ளியானால் தண்ணீரில் அமிழ்த்தும்போது 50 மில்லி தண்ணீரை வெளியேற்றும். ஜெர்மன் சில்வரானால் 60 மில்லி. பாத்திரம் நிரம்பத் தண்ணீர் வைத்து, பொருளை மெல்ல இறக்கி, வழிந்ததை எடை போட்டால் விஷயம் முடிந்தது. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். சுரண்டவும் வேண்டாம், உரைகல்லில் தேய்க்கவும் வேண்டாம்.

ஆனால் இச்சோதனை திடமான, உள்ளே ஒன்றும் அடைக்காத பொருளுக்கே செல்லும். மெழுகுவர்த்தித் தாங்கி, மேஜை விளக்கின் அடிப்பாகம் போன்றவற்றில் மெல்லிய வெள்ளித் தகட்டுக்குள் கீலோ சாந்தோ அடைத்து நிலையாக நிற்கச் செய்வார்கள். அது மோசடியல்ல, செய்யும் முறையே அப்படி. அதை முழு எடைக்கும் வெள்ளி விலை போட்டு வாங்குவதுதான் தவறு. சாக்கு எடை கழிக்காமல் சர்க்கரைக்குப் பணம் கொடுப்போமா?

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் அமலில் இருக்கிறது. வரலாறு அல்லது கைவினைச் சிறப்பு உள்ள, நூறு ஆண்டுக்குக் குறையாத பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டு. ஆண்டுகள் ஓட ஓட, 1920களில் செய்தவையும் இந்தக் கணக்கில் வந்துகொண்டிருக்கின்றன. அத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மகன் அமெரிக்காவில் இருக்கிறார், தாத்தாவின் பெட்டியை அனுப்பலாம் என்று நினைப்பவர்கள், முதலில் தொல்லியல் துறையில் அது தொல்பொருள் அல்ல என்ற சான்று கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தொல்பொருளை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்ய உரிமம் தேவை.

தந்தம் இன்னும் கடுமை. பழைய எழுத்துப் பெட்டிகளில், முக்கியமாக விசாகப்பட்டினத்தில் செய்த பெட்டிகளில், தந்தம் பதித்திருக்கும். உறை பிரிக்கும் கத்தியின் பிடியும் தந்தமாக இருக்கலாம். எத்தனை பழையதானாலும் தந்த வியாபாரம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீட்ட வேண்டாம்.

மூன்றாவது, நம் தொழிலுக்கே உரியது. பழைய வீசைக்கல், படி, ஆழாக்கு வைத்திருப்பவர்கள் அவற்றை வீட்டில் அழகுக்கு வையுங்கள். கடையில் தராசுக்கு அருகில் வைத்தால், சோதனைக்கு வரும் அதிகாரியிடம் அழகுக்கென்று விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

பராமரிப்பு

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்தால் அந்த இடத்தில் கோடு விழும். உப்பு பட்டால் குழி விழும். மசாலா, வெங்காயம் வைக்கும் அறையில் வெள்ளி வைக்க வேண்டாம். பல்பொடியும் புளியும் போட்டுத் தேய்ப்பது வேலைப்பாட்டை மழுக்கும். மெல்லிய பருத்தித் துணியில் சலித்த திருநீறு தொட்டு லேசாகத் துடைத்தால் போதும். புடைப்புகளின் இடுக்கில் உள்ள கறுப்பை விட்டுவிடுங்கள். உருவத்தை எடுத்துக் காட்டுவதே அதுதான். முலாம் பூசியதை அடிக்கடி தேய்த்தால் முலாமே போய்விடும்.

மரத்துக்கு அரக்குப் பாலிஷ் பழைய முறை. அதைச் சுரண்டியெடுத்துப் புது வார்னிஷ் அடித்தால் பாதி மதிப்பு போயிற்று. உலர்ந்த துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஒருமுறை தேன்மெழுகு தேய்த்தால் போதும். வெயில் நேராகப் படும் இடமும், ஏ.சி. காற்று நேராக வீசும் இடமும் ஆகாது. காலுக்கு அடியில் தரை ஈரம் ஏறாமல் சிறு கட்டை வையுங்கள். கரையான் வந்தால் உடனே தெரியும்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

2025ல் வெள்ளி விலை ஏறிய வேகத்தில் பலர் பழைய சாமான்களை உருக்கக் கொடுத்தார்கள். உருக்கும் முன் அடியில் பெயரோ முத்திரையோ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும் உள்ள மதிப்பு உலையில் போய்விடும். எடை மட்டுமே மிஞ்சும்.

மரச் சாமானை விற்பதானால் ஒருவரிடம் மட்டும் விலை கேட்காதீர்கள். சரக்குக்கு மூன்று இடத்தில் விலை கேட்கும் நாம், தாத்தாவின் மேஜைக்கு வாசலுக்கு வந்தவர் சொன்ன விலையை ஏன் ஏற்கிறோம்? எல்லாவற்றையும் சேர்த்து 'மொத்தமாக' விலை பேசாதீர்கள். அந்த மொத்தத்துக்குள் ஒரே ஒரு பொருளுக்காகத்தான் அவர் வந்திருப்பார். விற்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த ஆண்டு, யார் வாங்கியது, எந்த ஊர் ஆசாரி செய்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய பில் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். அந்தக் காகிதத்துக்கும் விலை உண்டு. மூடிக்குள் எழுதிய எழுத்தை அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள்.

வாங்குபவர்களுக்கும் அதே போல் ஒன்று. இது லாபத்துக்கு ஏற்ற முதலீடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாங்கும் விலைக்கும் அன்றே திருப்பி விற்றால் கிடைக்கும் விலைக்கும் உள்ள தூரம் நம் மளிகைச் சரக்கில் ஒருநாளும் காணாத தூரம். கடை முதலில் கை வைத்து வாங்காதீர்கள். பிடித்ததை, வைக்க இடமுள்ளதை, பில்லோடு வாங்குங்கள்.

நம் மேஜை திரும்பக் கிடைத்ததா என்று சில அன்பர்கள் கேட்பதுண்டு. கிடைக்கவில்லை. தாயாரும் 2009ல் காலமாகிவிட்டார்கள். இன்றும் எந்த ஊர்ப் பழம்பொருள் கடையில் சாய்வு மேஜையைக் கண்டாலும், விலை கேட்பதற்கு முன் மூடியைத் தூக்கி உட்புறம் பார்க்கிறோம். பென்சில் எழுத்து இருக்கிறதா என்று. கடைக்காரர்கள் நாம் மரத்தைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆகவே கடையைப் புதுப்பிக்கும் அன்பர்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பழைய சாமானை வண்டியில் ஏற்றும் முன், ஒருநாள் பொறுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களை ஒருமுறை கடைக்கு அழைத்து வந்து காட்டிவிடுங்கள். அவர்கள் கொடுக்கலாம் என்று சொன்னால் நல்ல விலைக்குக் கொடுங்கள். வேண்டாம் என்றால், ஒரு மூலையில் அந்த மேஜைக்கு மூன்றடி இடம் கொடுப்பதால் எந்தக் கடையும் நொடித்துப் போனதில்லை.